காலையில் மட்டும் தாவும் முள்

என் சித்தப்பா சவரம் செய்யும்போது பேசிக்கொண்டே இருப்பார். சவரம் செய்துகொள்பவரால் பதில் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும்; தாடையை அசைத்தால் கத்தி பிசகும். இருபத்தெட்டு வருடமாக அவர் வென்ற வாதங்கள் அத்தனையும் இப்படி வென்றவைதான். வீட்டில் சித்தியிடம் ஒன்றில்கூட அவர் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

அவருடைய சலூன் ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கி நீண்டது. ஒரு முனையில் தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவு. காலை வெயில் அதன் வழியாகத்தான் வரும். ஒரு பக்கச் சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி, அதற்கு முன் இரண்டு நாற்காலிகள். கதவுக்கு எதிர்முனையிலும் ஒரு நிலைக்கண்ணாடி. எதிர்ச் சுவர் முழுக்கப் புகைப்படங்கள். எல்லாம் குழந்தைகள். எல்லாம் முதல் முடிவெட்டு முடிந்த நிமிடத்தில் எடுத்தவை. முந்நூறுக்கு மேல் இருக்கும். பாதிக் குழந்தைகள் அழுகின்றன, மீதி அழப்போகின்றன. மூன்றாவது வரிசையில் நானும் இருக்கிறேன். என் படத்தில் முகத்தைவிட வாய்தான் பெரிதாகத் தெரியும்.

இந்தப் பழக்கம் அவர் மகளிடம் தொடங்கியது. எனக்கு அக்கா முறை. அக்காவுக்கு ஒன்றரை வயதானபோது, ஊரை விட்டுப் போன ஒரு வாடிக்கையாளர் தன் கேமராவைச் சித்தப்பாவிடம் கொடுத்து, "பத்திரமா வெச்சிருங்க, வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு மாதம் கழித்து, "இனி வரமாட்டேன், அது உங்களுக்கே" என்று கடிதம் எழுதினார். சித்தப்பா அதில் முதல் ஃபிலிமைப் போட்டு எடுத்த முதல் படம், அக்காவின் முதல் முடிவெட்டு. அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரர், "எங்க பையனுக்கும் ஒண்ணு" என்றார். அப்புறம் நிற்கவே இல்லை. ஒரு பிரதி குழந்தையின் வீட்டுக்கு, ஒரு பிரதி சுவருக்கு. சுவருக்கான பிரதியின் பின்புறத்தில் தேதியும் மணியும் பென்சிலால் எழுதுவார். மணி எதற்கு என்று கேட்டால், "பொறந்த நேரம் எழுதறோம்ல, அது மாதிரிதான்" என்பார்.

அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி சும்மா இருந்தது. அக்கா கல்யாணமாகி வெளியூர் போன வாரம் அடித்த ஆணி. ஒரு நாள் யாரோ ஒருவர் அதில் தன் தொப்பியை மாட்டினார். சித்தப்பா முடி வெட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்த் தொப்பியை எடுத்து அவர் மடியில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா பேசாமல் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று சித்தி சொல்வார்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முடி கண்ணை மறைக்க ஆரம்பித்தும் அக்கா கத்தரி வைக்கவில்லை. "முதல் கத்தரி உங்க கையிலதான்பா. லீவு கிடைச்சதும் வர்றோம். ரெண்டு நாள்தான் இருக்க முடியும்" என்று போனில் சொன்னாள். சித்தப்பா அன்றைக்கே அந்த ஆணியைத் துணியால் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கேமரா கோளாறு செய்துகொண்டிருந்தது.

கோளாறு என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய கேமராவுக்குள் எட்டிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு சின்ன முள் தெரியும். லென்ஸைச் சுற்றி இருக்கிற வளையத்தைத் திருப்பத் திருப்ப முள் மேலும் கீழும் போகும். முள் நடுவில் நின்றால் வெளிச்சம் சரி என்று அர்த்தம். வளையத்தில் எண்கள் இருக்கும். சிறிய எண் என்றால் உள்ளே பெரிய ஓட்டை, நிறைய வெளிச்சம். பெரிய எண் என்றால் சின்ன ஓட்டை, கொஞ்சம் வெளிச்சம். பகலிலும் குழல்விளக்கு எரிகிற சலூனில் முள் எப்போதும் 2.8 என்ற எண்ணில்தான் நடுவில் நிற்கும். கடந்த இரண்டு வருடமாக அது சில நாள் 2.8 என்றது, சில நாள் 5.6 என்றது. சித்தப்பா முள் சொன்னபடி செய்தார். படங்கள் இருட்டாக வந்தன. சுவரின் கடைசி வரிசையைப் பார்த்தால் சில குழந்தைகள் அந்தி நேரத்தில் முடி வெட்டிக்கொண்ட மாதிரி இருப்பார்கள்.

இதே இரண்டு வருடத்தில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சித்தப்பா யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகிவிட்டது. ஊரின் மறுகோடியில், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கடையில் மூக்குக்கண்ணாடி வாங்கி, சலூன் மேசை இழுப்பறையில் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். சித்தி ஒருநாள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இதை ஏன் இங்க புதைச்சு வெச்சிருக்கீங்க? மூக்குல மாட்டறதுதானே?"

"மெதுவா பேசு. கத்தி பிடிக்கிறவனுக்குக் கண்ணு தெரியலைன்னா எவன் கழுத்தை நீட்டுவான்?"

"தெரியாமலே வெட்டறதுக்கு, தெரிஞ்சு வெட்டலாமே."

"கை பழகினது. கைக்குக் கண்ணு இருக்கு."

முடி வெட்ட அவருக்குக் கையே போதுமாக இருந்தது. ஆனால் கேமராவின் முள்ளைக் கையால் பார்க்க முடியாது. அதனால் படம் எடுக்கும்போது மட்டும் போட்டுக்கொள்வார். "எல்லாரும் குழந்தைக்குப் பின்னால நின்னு கை தட்டுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டு, சட்டென்று இழுப்பறையைத் திறந்து மாட்டி, அதே வேகத்தில் கேமராவை முகத்துக்கு முன் பிடித்துவிடுவார். படம் எடுத்ததும் கேமராவோடு சேர்ந்து கண்ணாடியும் இறங்கி இழுப்பறைக்குள் போய்விடும். இரண்டு வருடமாக ஒருவரும் கவனிக்கவில்லை. நான்கூட.

கேமராவைப் பழுது பார்ப்பவர் சித்தப்பாவின் கூட்டாளி. ஊரே அவரை லென்ஸ் என்றுதான் கூப்பிடும். நாலு கடை தள்ளி, ஒரு படிக்கட்டுக்கு அடியில் அவருடைய மேசை. வாரம் ஒருமுறை சித்தப்பாவிடம் சவரம் செய்துகொள்வார்.

முதல் தடவை கொண்டுபோனபோது லென்ஸ் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார். "இந்தக் கேமரா பிறந்தப்ப இருந்த பேட்டரியே வேற. அதுக்கு வலு கொஞ்சம் கம்மி. இப்ப விக்கறது கூடுதலா அழுத்தும். அதான் முள் எகிறுது." வலுவைக் குறைக்கிற ஒரு சின்னச் சாமானை வைத்துக் கொடுத்தார். சலூனில் ஒரு சாயங்காலம் எடுத்த படம் நன்றாக வந்தது. மறுவாரம் காலையில் எடுத்தது இருட்டாக வந்தது.

இரண்டாவது தடவை, பேட்டரி உட்காருகிற இடத்தில் பச்சையாகப் பூத்திருந்ததைக் காட்டினார். பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் பென்சில் அழிப்பானால் தேய்த்தார். மூன்றாவது தடவை வளையத்துக்கு அடியில், முள்ளுக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற கரித்தடத்தைத் துடைத்தார். ஒவ்வொரு தடவையும் தன் மேசையில் வைத்து, கண்ணை ஒட்டிப் பார்த்து, கையில் பிடித்து வெளிச்சம் அளக்கிற தனி மீட்டரோடு ஒப்பிட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றையே சொல்லும். "நீயே பாரு" என்பார். சித்தப்பா கேமராவைக் கண்ணில் வைத்து, "ம், சரியா இருக்கு" என்பார். மூக்குக்கண்ணாடி இல்லாமல் முள் எங்கே நிற்கிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அக்கா வருவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது லென்ஸ் சவரத்துக்கு வந்தார். நான் பரீட்சை எழுதி முடித்து வீட்டில் சும்மா இருந்த காலம். செய்தித்தாள் படிக்க அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா முகம் முழுக்க நுரை பூசி முடிக்கிற வரை காத்திருந்தார். அப்புறம் தொடங்கினார்.

"மூணு தடவை கழட்டி மாட்டினியே, என்ன பிரயோஜனம்? உன் மேசைல நல்ல பிள்ளையா இருக்கு, என் கடைக்கு வந்தா பேயாட்டம் ஆடுது. மாமியார் வீட்ல வாயே திறக்காத மருமகன் மாதிரி."

லென்ஸ் "ம்ம்" என்றார்.

"தாடையை ஆட்டாத. எட்டு வருஷமா ஒரு ஆணி அடிச்சு வெச்சிருக்கேன். என் பேத்தி படம் கரிக்கட்டையா வந்துச்சுன்னா, அந்த ஆணியில உன்னைத்தான் மாட்டுவேன்."

"ம்ம்ம்!"

"கத்தி கழுத்துல இருக்கு, பார்த்துக்க."

துண்டு கைக்கு வந்த நொடியில் லென்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெடித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் பார்த்தா சரியா இருக்கு, என் மீட்டர் சரின்னு சொல்லுது, உனக்கு மட்டும் தப்பா காட்டுதுன்னா கோளாறு எங்க இருக்கு?"

"என்கிட்ட இருக்குங்கறியா?"

"நான் சொல்லலை. நீயே சொல்ற."

சித்தப்பா கத்தியைத் துடைத்து மடித்தார். வாதத்தை அதோடு விட்டார். அவர் விட்டுக்கொடுத்தது லென்ஸுக்கும் என்னவோ போலாகிவிட்டது. கதவு வரை போனவர் திரும்பி வந்து, கடைசி வரிசைப் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்ன பண்ற?"

"பின்னால மணி எழுதுவியே."

பெஞ்சில் படங்களைப் பரப்பினார். இருட்டுப் படங்கள் ஒரு பக்கம், நல்ல படங்கள் ஒரு பக்கம். பிறகு எல்லாவற்றையும் திருப்பினார். நானும் எட்டிப் பார்த்தேன். இருட்டுப் படங்கள் எல்லாம் காலை ஒன்பது, பத்து, பத்தரை. நல்ல படங்கள் எல்லாம் மாலை ஐந்துக்கு மேல்.

லென்ஸ் தெருக் கதவைப் பார்த்தார். "கோளாறு கேமராவுக்குள்ள இல்லைய்யா. இந்த அறைக்குள்ள இருக்கு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வர்றேன். நீ எப்பவும் எடுக்கற மாதிரியே எடுத்துக் காட்டு."

சித்தப்பாவின் முகம் மாறியது. எனக்கு அப்போது காரணம் தெரியாது. எல்லோருக்கும் முன்னால் எப்பவும் எடுக்கிற மாதிரி எடுப்பது என்றால், இழுப்பறையைத் திறக்க வேண்டும்.

மறுநாள் பத்து மணிக்கு வெயில் கண்ணாடிக் கதவு வழியாக நாற்காலி வரை வந்திருந்தது. குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். முகத்தில் வெளிச்சம் விழட்டும் என்று சித்தப்பா நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினார். அவர் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். எப்போதும் அப்படித்தான் நிற்பார்.

லென்ஸ் முதலில் தானே கேமராவில் பார்த்தார். 2.8. என் கன்னத்துக்குப் பக்கத்தில் தன் தனி மீட்டரைப் பிடித்தார். அதுவும் 2.8. "இப்ப நீ."

சித்தப்பா கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தார். "2.8 தான்."

"நான்தானே அதுல நிறுத்திட்டுக் கொடுத்தேன். கலைச்சுட்டு நீயா வை."

சித்தப்பா வளையத்தைத் திருப்பினார். நிறுத்தினார். கொஞ்சம் திருப்பினார். மறுபடி நிறுத்தினார். லென்ஸ் எட்டி எண்ணைப் பார்த்தார். 11.

"பதினொண்ணா? இப்ப அஞ்சு புள்ளி ஆறுகூட இல்ல, பதினொண்ணா?" என்று கேட்டுவிட்டு லென்ஸ் சித்தப்பாவை உற்றுப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "யோவ், உனக்கு முள் தெரியுதா?"

கேமராவைப் பிடித்திருந்த சித்தப்பாவின் கை கீழே இறங்கியது. அவர் லென்ஸைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சுவரில் அக்காவின் படத்தையும் பக்கத்தில் இருந்த ஆணியையும் பார்த்தார். "தெரியுது" என்று சொல்லியிருந்தால் லென்ஸ் நம்பிவிட்டுப் போயிருப்பார். படம் இருட்டாக வந்திருக்கும், அவ்வளவுதான். கடைக்குப் பேர் கெட்டிருக்காது.

அவர் நடந்து போய் இழுப்பறையைத் திறந்தார். பவுடர் டப்பாவை நகர்த்தினார். மூக்குக்கண்ணாடியை எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, எங்கள் இரண்டு பேர் முன்னாலும் மாட்டிக்கொண்டார். புதிதாகப் பல் விழுந்த பிள்ளை சிரிக்கப் பயப்படுகிற மாதிரி நின்றார்.

"எப்பவும் எடுக்கற மாதிரி எடுத்துக் காட்டச் சொன்னியே. இப்படித்தான் எடுப்பேன்."

சித்தப்பா கேமராவைத் தூக்கினார். மூக்குக்கண்ணாடி இடித்ததால் கண்ணுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. வளையத்தைத் திருப்பினார். இப்போது கை தடுமாறவில்லை. "5.6" என்றார். "பார்த்தியா? நான் பொய் சொல்லலை."

லென்ஸ் தன் உள்ளங்கையை விரித்து, சித்தப்பாவின் நெற்றிப்பொட்டுக்கும் கேமராவுக்கும் நடுவே மறைப்பு மாதிரி வைத்தார்.

"டேய், முள் விழுந்துடுச்சு!"

கையை எடுத்தார்.

"எகிறிடுச்சு!"

மறுபடி வைத்தார், எடுத்தார், வைத்தார். சித்தப்பா ஒவ்வொரு தடவையும் கத்தினார். தெருவில் போன இருவர் நின்று பார்த்தார்கள். நான் நாற்காலியிலேயே சிரித்துக்கொண்டிருந்தேன்.

"நீ கண்ணை வெச்சுப் பார்க்கற பொந்து இருக்கே," என்றார் லென்ஸ், "அது வழியாவும் வெளிச்சம் உள்ள போகும். கண்ணை ஒட்டி வெச்சா கண்ணே மூடி மாதிரி அடைச்சுக்கும். நீ கண்ணாடி போட்டுத் தள்ளிப் பிடிக்கற. முதுகுக்குப் பின்னால காலை வெயில். அந்த வெயில் பொந்து வழியா நேரா மீட்டர்ல போய் விழுது. இங்க ரொம்ப வெளிச்சம்னு முள் ஏமாந்து போகுது. சாயங்காலம் வெயில் இல்ல, அதனால ஏமாறலை. என் மேசைல நான் கண்ணை ஒட்டிப் பார்த்தேன், நீ பார்க்கவே இல்ல. கேமராவுக்கு ஒரு குறையும் இல்லைய்யா. கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம்."

சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றப் போனார். பிறகு கழற்றாமல் நின்றார். "லென்ஸு. இது வெளிய தெரிஞ்சா..."

"என்ன தெரிஞ்சா?"

"நீ அடுத்த வாரம் கழுத்தை நீட்டுவியா?"

லென்ஸ் தன் இடது காதுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். "இங்க பாரு. ரெண்டு வருஷமா, ஒவ்வொரு வாரமும், இந்த இடத்துல நாலு முடி விட்டுடற. நான் வீட்டுக்குப் போய் என் பிளேடை எடுத்து நானே வழிச்சுக்கறேன். நேத்து நீ விட்டது இன்னும் அப்படியே இருக்கு. உன்கிட்ட சொல்ல மனசு வரலை. மவராசனா அதை மாட்டிக்கிட்டு எனக்கு முழுசா ஒரு சவரம் பண்ணி விடு."

சித்தப்பா அவர் காதுக்குக் கீழே குனிந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார். "அடப்பாவி, நாலு இல்லய்யா. ஏழு" என்றார். லென்ஸை நாற்காலியில் உட்காரவைத்து நுரை கலக்க ஆரம்பித்தார். அந்தச் சவரம் முடிகிற வரை அவர் பேசவே இல்லை. லென்ஸ்தான் நுரைக்கு நடுவே என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார்.

பொந்தைச் சுற்றி மாட்டுகிற ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறதாம். அந்தக் கேமராவின் அளவுக்கு லென்ஸிடம் இல்லை. வெளியூருக்கு எழுதிப் போட்டார். அது வருவதற்குள் அக்கா வந்துவிட்டாள்.

அக்கா சலூனுக்குள் நுழைந்ததும் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள். "எப்ப இருந்துப்பா கண்ணாடி?"

"ரெண்டு வருஷமா."

"போன்ல சொல்லவே இல்ல?"

"போன்ல முகம் தெரியற மாதிரி நான் எப்ப பேசினேன்?"

அக்கா கண்ணாடியின் காம்பு அவர் காதில் சரியாக உட்காரும்படி நேராக்கிவிட்டாள். சின்ன வயதில் அவளுடைய பள்ளிக்கூட ரிப்பனை அவர் நேராக்குவார் என்று சித்தி சொல்லியிருக்கிறார்.

பேத்தியை நாற்காலிக்குக் குறுக்கே வைத்த பலகையில் உட்காரவைத்தார்கள். முதல் கத்தரிச் சத்தத்துக்கே குழந்தை அழ ஆரம்பித்தது. சித்தப்பா நிதானமாக வெட்டினார். கண்ணை மறைத்த முடி விழுந்ததும் நெற்றி தெரிந்தது. அப்படியே அக்காவின் நெற்றி. மணி பத்தேகால். கதவில் முழு வெயில்.

"அப்பா, நான் வேணா போன்ல எடுத்துக்கறேன். பிரிண்ட் போட்டு மாட்டிடலாம்."

"ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் இதுல எடுத்துட்டு, என் பேத்திக்கு மட்டும் வேறயா?"

லென்ஸ் கையை வைத்து மறைக்கத் தயாராகப் பக்கத்தில் வந்து நின்றார். சித்தப்பா அவரைத் தள்ளிவிட்டார். முடி வெட்டும்போது போர்த்துகிற கறுப்புத் துணியை எடுத்து உதறினார். அதைத் தன் தலைக்கு மேல் போட்டு, கேமராவோடு சேர்த்து முக்காடு மாதிரி மூடிக்கொண்டார். கேமராவின் லென்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

குழந்தையின் அழுகை பாதியில் நின்றது. தாத்தா இருந்த இடத்தில் இப்போது ஒற்றைக்கண் கறுப்பு மூட்டை ஒன்று நின்றது. துணிக்குள்ளிருந்து, "2.8" என்று குரல் வந்தது. "கண்ணு, தாத்தா எங்க?"

குழந்தை சிரித்தது. ஷட்டர் சத்தம் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். படம் கழுவி வர ஒன்பது நாள் ஆனது. உறையை லென்ஸ்தான் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார், பிரிக்காமல். சித்தப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தார். முகத்தில் வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. கன்னத்தில் காயாத கண்ணீர்த் துளி, அதற்குக் கீழே இரண்டு பல் தெரியும் சிரிப்பு. அந்தச் சுவரில் சிரிக்கிற குழந்தை அது ஒன்றுதான்.

பின்புறத்தில் தேதியும் மணியும் எழுதி, சட்டத்தில் போட்டு, ஆணியில் மாட்டினார். பிறகு அங்கேயே நின்று பக்கத்தில் இருந்த அக்காவின் பழைய படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். அக்காவின் தோளில் ஒரு விரல் தெரிந்தது. அவள் விழாமல் இருக்கச் சித்தி பின்னாலிருந்து பிடித்திருந்த விரல். "ரெண்டு வருஷமா இந்த விரலைக் காணோமேன்னுகூட எனக்குத் தோணலை" என்றார்.

அக்காவுக்கு அனுப்பிய பிரதி போய்ச் சேர்ந்த அன்று அவள் போன் செய்தாள். சித்தப்பா சத்தத்தைப் பெரிதாக வைத்துவிட்டு ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"அப்பா, படம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பின்னால நிலைக்கண்ணாடில தலையில்லாம ஒரு ஆள் நிக்குதே, அது யாரு?"

நாற்காலியில் இருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார். சித்தப்பா கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் கண்ணு. யோவ், தாடையை ஆட்டாத. கண்ணு தெரிஞ்சு வெட்டிக்கிட்டிருக்கேன்."